அணை கட்டியவரும் அணை காத்தவரும்

காவிரியைப் பற்றிப் பேசப் புகுவோர் முதலிற் கரிகாலனை நினைப்பது நம் நாட்டு வழக்கம். அது தக்கதே. ஆயினும் ஓர் அணையின் வரலாறு, அதனைக் கட்டியவனோடு முடிந்துவிடுவதில்லை. கட்டி முடித்த நாளிலிருந்துதான் அது தொடங்குகிறது. ஆற்று நீர் ஒரு நாளும் ஓய்ந்திருப்பதில்லை. அது கல்லை உருட்டும், மணலை அரிக்கும், இரும்பைத் துருவேற்றும். ஆகையால் ஆற்றின் குறுக்கே எழுந்த எந்தக் கட்டடமும் அதனைக் கண்காணித்துச் செப்பனிடும் கைகள் உள்ளவரைதான் நிற்கும். இவ்வுண்மையைத் திருச்சிராப்பள்ளிச் சீமையை அடுத்துள்ள இரண்டு அணைகளின் கதையைக் கொண்டு விளக்கலாம் என்று எண்ணுகிறேன்.

திருவெறும்பூரில் வாழும் எனக்கு இவ்விரண்டு அணைகளும் அண்டை அயல் போன்றவை. மேற்கே, திருச்சி நகரிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது முக்கொம்பு மேலணை. கிழக்கே இருப்பது கல்லணை. முக்கொம்பில் அகண்ட காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். தென்கிளை காவிரி என்ற பெயருடனேயே செல்கிறது. இரண்டுக்கும் நடுவே திருவரங்கத் தீவு. அத்தீவின் கிழக்கு முனையில் இரண்டு ஆறுகளும் மீண்டும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. அவ்விடத்தில் காவிரியின் நீர் வடபுறம் சரிந்து கொள்ளிடத்தில் விழுந்துவிடாதபடி தடுத்து நிற்பதே கல்லணை. அணைகள் இரண்டு, ஊர்கள் இரண்டு, ஆயினும் செய்யும் வேலை ஒன்றே. தஞ்சைத் தரணிக்குச் செல்ல வேண்டிய நீரைக் கொள்ளிடம் கொண்டுபோய்விடாமல் காப்பதே அந்த வேலை.

கொள்ளிடம் ஏன் நீரை இழுக்கிறது என்று கேட்கலாம். அதன் போக்கு நேரானது, சரிவு மிகுந்தது, படுகை தாழ்ந்தது. காவிரியோ பல கிளைகளாகப் பிரிந்து, வளைந்து வளைந்து, வண்டலைச் சுமந்துகொண்டு மெல்லச் செல்வது. வண்டல் படியப் படியக் காவிரியின் படுகை மேடாகும். மேடு ஆக ஆக நீர் தாழ்ந்த வழியையே நாடும். வெள்ளக் காலத்தில் மிகையான நீரைக் கொள்ளும் இடமாதலின் கொள்ளிடம் எனப் பெயர் பெற்றது என்பர். மிகையை மட்டும் கொள்ளுமாயின் நன்று. மனிதன் அயர்ந்திருந்தால் தேவையானதையும் சேர்த்துக் கொண்டுவிடும். இதுவே காவிரிப் பாசனத்தின் பழைய இடர்.

இனிக் கல்லணையை நோக்குவோம். கரிகாற்சோழன் காவிரிக்குக் கரை எடுத்தான் என்று பிற்காலச் செப்பேடுகள் கூறுகின்றன. கல்லணையும் அவன் பணியே என்பது வழிவழி வந்த மரபு. ஏறத்தாழ 1,080 அடி நீளமும், 40 முதல் 60 அடி வரை அகலமும், 15 முதல் 18 அடி வரை உயரமும் உடைய பெருங்கட்டு அது. நேர்கோடாக அமையாமல் பாம்பு போல் வளைந்து கிடப்பது. இத்தனைக்கும் அதன் அடியில் பாறை இல்லை. ஆழம் காண இயலாத மணலே இருக்கிறது. மணலின்மேல் பெருங்கற்களைப் போட்டு, அவை தாமாக அமிழ்ந்து நிலைகொள்ளும் வரை மேலும் மேலும் கல்லிட்டுக் களிமண் சேர்த்து எழுப்பிய முறை இது என்று கண்டவர்கள் விளக்கியிருக்கிறார்கள். மணலில் அடித்தளம் இடும் கலையைத் தாம் இந்நாட்டு முன்னோரிடமிருந்தே கற்றதாக ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேய இஞ்சினியர் மனமுவந்து எழுதியிருக்கிறார். இங்கே கற்றதைக் கொண்டே அவர் பின்னர்க் கோதாவரியில் தவளேசுவரம் அணையை எழுப்பினார்.

இதுவரை சொன்னது எல்லோரும் அறிந்தது. அதிகம் பேசப்படாதது வேறொன்று உண்டு. கல்லணை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொடப்படாமல் நின்ற அணை என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வாறு எண்ணுவது அணைக்கும் பெருமை ஆகாது. அதனைக் காத்தவர்களுக்கும் நீதி ஆகாது. சோழர் போனபின் பாண்டியர், நாயக்கர், மராட்டியர் எனப் பலர் இந்நாட்டை ஆண்டனர். ஆட்சி மாறியபோதும் ஆறு மாறவில்லை. அதன் அரிப்பும் மாறவில்லை. உடைந்த கல்லைச் சேர்த்தவர்களும் சரிந்த கரையை உயர்த்தியவர்களும் தலைமுறை தோறும் இருந்திருக்க வேண்டும். அவர்கள் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

பெயர் ஏறிய இடங்களும் சில உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஆர்க்காட்டு நவாபின் வசம் இருந்தது. தஞ்சாவூர் மராட்டிய மன்னர் வசம் இருந்தது. காவிரிக் கரையும் கட்டும் இருந்த நிலம் ஒருவர் ஆட்சியில். அதனால் விளையும் வயல் மற்றொருவர் ஆட்சியில். அந்தக் கரையைச் செப்பனிடும் உரிமை யாருக்கு என்பது பற்றி 1760-களில் இருவருக்கும் பெரும் வழக்கு மூண்டது. சென்னையில் இருந்த கும்பினியார் அதில் தலையிட வேண்டியதாயிற்று. தஞ்சை மன்னர் செப்பனிட்டுக்கொள்ள இடம் தரவேண்டும் என்பதே முடிவாயிற்று. இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு அரசுகள் நிலத்திற்காகச் சண்டையிட்டது சரித்திரத்தில் புதிதன்று. கோட்டைக்காகச் சண்டையிட்டதும் புதிதன்று. இங்கே பழுது பார்க்கும் உரிமைக்காக ஓர் அரசர் வழக்காடினார். பழுது பார்க்காவிட்டால் தம் நாடு பாலையாகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1801-இல் கருநாடக ஆட்சி கும்பினியாரிடம் வந்தது. 1804-இல் கால்டுவெல் என்ற படைத்துறை இஞ்சினியர் காவிரியை ஆராய அமர்த்தப்பட்டார். (மொழிநூல் செய்த கால்டுவெல் பாதிரியார் வேறு, இவர் வேறு.) கொள்ளிடத்தில் மிகுதியான நீர் போய்விடுவதைக் கண்ட அவர், கல்லணையின் முகட்டையும் ஆற்றின் கரைகளையும் உயர்த்தும் வழியை மேற்கொண்டார். ஆனால் அணையை உயர்த்தினால் அதற்கு மேற்புறம் மணல் படிவதும் உயரும் அன்றோ? எனவே மணலை வெளியேற்றக் கல்லணையில் அடிமதகுகள் அமைக்க வேண்டும் என்ற கருத்துப் பிறந்தது. 1830-ஆம் ஆண்டளவில் காட்டன் அவற்றை அமைத்தார். பின்னர் அணையின்மேல் பாலம் வந்தது. காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் தலைப்பில் கதவணைகள் வந்தன. மேட்டூர் அணை முடிந்த 1934-ஆம் ஆண்டையொட்டிக் கல்லணைக் கால்வாயும் வந்தது. இன்று நாம் கல்லணையில் நின்று காணும் காட்சியில் கரிகாலன் பங்கு அடியில் இருக்கிறது. அதன்மேல் அடுக்கடுக்காகப் பலர் உழைப்பு அமர்ந்திருக்கிறது.

நான் வரலாறும் நிலநூலும் கற்பித்த காலத்தில், மாணவர்களைக் கல்லணைக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் இரண்டு வினாக்களைக் கேட்பேன். இதைக் கட்டியவர் யார் என்பது முதல் வினா. ஐம்பது குரல்கள் ஒருமித்து விடை கூறும். சென்ற கோடையில் இதைப் பழுது பார்த்தவர் யார் என்பது இரண்டாம் வினா. அதற்கு விடை வருவதில்லை. ஒரு முறை மட்டும், தோகூர்ப் பக்கத்திலிருந்து வந்து படித்த சிறுவன் ஒருவன், தன் தகப்பனார் அங்கே கல் சுமந்ததாகக் கூறினான். அன்றைய பாடம் அவனாலேயே நிறைவு பெற்றது.

இனி முக்கொம்புக்குச் செல்வோம். கல்லணையில் என்ன செய்தும் நீர்ப் பற்றாக்குறை தீரவில்லை. நோய் கீழே இல்லை, மேலே இருக்கிறது என்று காட்டன் கண்டார். பிரியும் இடத்திலேயே கொள்ளிடத்தைத் தடுத்தாலன்றிக் காவிரிக்கு நீர் கிடையாது என்று முடிவு செய்து, 1836-ஆம் ஆண்டளவில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையை எழுப்பினார். அதே காலத்தில் கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. மேலணை வந்ததும் காவிரிக்கு நீர் பெருகிற்று. அது அளவு கடந்தும் பெருகிற்று! காவிரித் தலைப்பின் படுகை ஆழமாகத் தொடங்கியது. கரைகள் தாங்குமோ என்ற அச்சம் எழுந்தது. ஆகவே 1840-களில் காவிரியின் தலைப்பிலும் படுகையோடு படுகையாக ஒரு தடுப்புச் சுவர் கட்ட நேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே 41 கண்களுடைய கதவணை எழுந்தது. கொள்ளிடப் பக்கத்தில் தென்பகுதியில் 45 கண்களும் வடபகுதியில் 10 கண்களும் ஏற்றி இறக்கும் கதவுகளுடன் அமைந்தன. ஆற்றில் ஓரிடத்தில் கைவைத்தால் மற்றோரிடத்தில் அதற்கு ஈடு செய்ய வேண்டியிருக்கும் என்ற பாடத்தை முக்கொம்பு அன்றே புகட்டியது.

மேலணை 180 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைக் கண்டது. 1977-ஆம் ஆண்டு திருச்சி நகரைச் சூழ்ந்த வெள்ளத்தைக் கண்டது. 2005-ஆம் ஆண்டின் வெள்ளத்தையும் கண்டது. 2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மேட்டூர் அணை 5 ஆண்டுகளுக்குப் பின் தன் முழு அளவாகிய 120 அடியை எட்டியது. ஆகஸ்டு நடுவில் வினாடிக்கு 2 இலட்சம் கன அடி அளவுக்கு நீர் திறந்துவிடப்பட்டது. அந்த வெள்ளத்தில், 1928-இல் கட்டப்பெற்றுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. சில நாட்களில் வெள்ளத்தின் உச்சம் தணிந்தது. ஊரார் பெருமூச்சு விட்டனர். ஆகஸ்டு 22-ஆம் நாள் புதன்கிழமை இரவு, மேலணையின் கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 கண்களில் 9 கண்கள் தூணும் கதவும் மேற்பாலமுமாகச் சரிந்து ஆற்றில் வீழ்ந்தன.

உயிரிழப்பு நேரவில்லை என்பது நாம் செய்த பாக்கியம். ஆனால் காவிரிக்குத் திருப்ப வேண்டிய நீர் அந்தத் திறந்த வாயின் வழியே கொள்ளிடத்தில் ஓடலாயிற்று. பல ஆண்டுகளாக நீரின்றி ஏங்கிய கடைமடை உழவர், நீர் வந்த ஆண்டிலேயே அது கடலுக்குப் போவதைக் காண வேண்டியதாயிற்று. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் அடுக்கித் தற்காலிகத் தடுப்பு அமைக்க நூற்றுக்கணக்கான தொழிலாளர் ஓடும் நீரில் நின்று இரவு பகலாக உழைத்தனர். பின்னர் 387 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில், பழைய அணையின் அருகே புதிய கதவணை கட்டப்பட்டது.

வெள்ளத்தின் உச்சத்தில் நின்ற அணை, வெள்ளம் தணிந்தபின் வீழ்ந்தது ஏன்? இவ்வினா பலரை வியப்பில் ஆழ்த்தியது. ஆற்று மணலில் நிற்கும் கட்டடங்களின் இயல்பை அறிந்தால் இதில் வியப்பில்லை. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் மணற்பெட்டியைக் கொண்டு நிலநூல் பாடம் நடத்தும் முறையை எங்களுக்குக் கற்பித்தார்கள். அதை நான் அணைப் பாடத்திற்குப் பயன்படுத்தினேன். ஒரு நீண்ட தகரத் தட்டில் மணலைப் பரப்பி, நடுவே செங்கல் துண்டுகளால் அணை கட்டி, மேற்புறம் நீரை ஊற்றச் சொல்வேன். அணை நிற்கும். பிறகு அணையைத் தொடாமல், கீழ்ப்புறத்து மணலை மட்டும் கரண்டியால் சிறிது சிறிதாக அள்ளச் சொல்வேன். சிறிது நேரத்தில் அடியில் நீர் புகுந்து, செங்கல் தானே சாயும். அணையை யாரும் தொடவே இல்லையே என்று மாணவர்கள் கூவுவார்கள். பாடம் அதுதான்.

இந்தப் பாடத்தை இந்திய நாடு விலை கொடுத்தே கற்றது. கங்கையில் நரோரா என்னுமிடத்தில் இருந்த அணைக்கட்டு 1898-இல் உடைந்தது. மேலே தேங்கிய நீர் அடித்தளத்தின் கீழே மணலினூடே கசிந்து சென்று, அத்தளத்தைத் தாக்கியதே காரணம் என்று கண்டார்கள். அதன்பின் இஞ்சினியர்கள் இப்பொருளை ஆழ்ந்து ஆராய்ந்தனர். பஞ்சாபில் பணிபுரிந்த கோஸ்லா என்பவரும் அவருடன் இருந்தோரும் 1936-இல் வெளியிட்ட நூல், மணற்படுகையில் அணை கட்டுவோர்க்கு உலகெங்கும் வழிகாட்டியாயிற்று. அதன் சாரத்தை எளிதிற் கூறலாம். அணையின் அடியில் கசியும் நீர் கீழ்ப்புறத்தில் ஊற்றாக எழும். அந்த ஊற்று தெளிந்து வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கலங்கி வந்தால், அது மணலைச் சுமந்து வருகிறது. அடித்தளம் உள்ளுக்குள்ளேயே குடையப்படுகிறது என்று பொருள். அணையின் மேற்புற நீருக்கும் கீழ்ப்புற நீருக்கும் உள்ள உயர வேறுபாடு மிகுந்தால் இக்குடைச்சலும் மிகும். பெருவெள்ளத்தில் இருபுறமும் நீர் உயர்ந்து நிற்பதால் வேறுபாடு குறைகிறது. வெள்ளம் தணிந்து, கீழ்ப்புறம் வற்றி, மேற்புறம் கதவுகளால் நீர் தேக்கப்படும்போது வேறுபாடு கூடுகிறது. வெள்ளத்தில் அரிக்கப்பட்ட பள்ளமும் அப்போது கீழ்ப்புறத்தில் இருக்குமாயின், ஆபத்து இரட்டிப்பாகும். மேலணை கட்டப்பெற்றபோது இந்த அறிவு பிறப்பதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

முக்கொம்பு வீழ்ச்சிக்கு முதுமையே காரணம் என்றனர் சிலர். கொள்ளிடத்தில் ஆண்டுக்கணக்காக மணல் அள்ளியதே காரணம் என்றனர் வேறு சிலர். பராமரிப்புக் குறைவே காரணம் என்றனர் மற்றும் சிலர். இவற்றை எதிர் எதிர்க் கட்சிகளாக வைத்து வாதிடுவதில் பயனில்லை. முதுமை என்பது அணைக்கு ஆண்டுக் கணக்கால் மட்டும் வருவதன்று. கல்லணையின் வயதோடு ஒப்பிட்டால் மேலணை குழந்தை. படுகை தாழ்ந்தால் அணை மூப்படைகிறது; தூணின் சுண்ணச்சாந்து கரைந்தால் மூப்படைகிறது; கதவின் சங்கிலி துருவேறினால் மூப்படைகிறது. படுகையில் மணல் ஒரு முழம் குறைந்தால் அணைக்கு எத்தனை வயது கூடுகிறது என்று கணக்கிடுவோர் அருகி வருகின்றனர். 2024-ஆம் ஆண்டு வெள்ளத்திலும் கொள்ளிடத்தில் திருச்சிப் பாலத்தருகே எழுப்பிய தடுப்புச் சுவர் ஒரு பகுதி சரிந்தது. ஆற்றுக்குள் நின்ற உயர் மின்கோபுரமும் சாய்ந்தது. இவை வெவ்வேறு கட்டடங்கள். ஆனால் இவை அனைத்தும் நிற்கும் மணல் ஒன்றே.

அணை என்றதும் நம் நாட்டார் அஞ்சுவது மலையிடை உயர்ந்து நிற்கும் பேரணைகளைக் குறித்துத்தான். அதற்குக் காரணமும் உண்டு. 1961 ஜூலையில் பான்ஷெட் அணை உடைந்து புனே நகரைப் பாழாக்கியது. 1979 ஆகஸ்டில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை உடைந்து குசராத்தின் மோர்வி நகரை மூழ்கடித்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இத்தகைய துயரங்களின் நெடுநாள் விளைவாக 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரகாலத் திட்டம், பொறுப்பான அலுவலர் என நல்ல ஏற்பாடுகள் பல அதில் உண்டு. ஆனால் அச்சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் சில வகைகளையுமே தன் வரையறைக்குள் கொள்கிறது. கல்லணையின் உயரமோ 6 மீட்டருக்கும் குறைவு. நம் டெல்டாவின் உயிர்நாடிகளாகிய தாழ்ந்த அணைகள் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குப் படாத உயரத்தில் இருக்கின்றன.

தாழ்ந்த அணை உடைந்தால் ஊர் அடித்துச் செல்லப்படுவதில்லை. ஆகவே அது ஆபத்தன்று என்று கருதுவது பிழை. அது உடைந்தால் நீர் போய்விடுகிறது. பேரணையின் கேடு ஒரே இரவில் தெரிந்துவிடும். தாழ்ந்த அணையின் கேடு தை மாதத்து அறுவடையில்தான் தெரியும். இது உழவரின் கவலை மட்டும் என்றும் எண்ண வேண்டா. திருச்சிராப்பள்ளி நகரத்தார் பருகுவது காவிரி, கொள்ளிடப் படுகைகளில் அமைந்த கிணறுகளின் நீர். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்கள் அந்த நீரை வறண்ட இராமநாதபுரம் வரை கொண்டு செல்கின்றன. மணல் இருந்தால்தான் அந்தக் கிணறுகளில் நீர் ஊறும். அணையைத் தாங்கும் மணலும் குடிநீரைத் தாங்கும் மணலும் வேறல்ல. எங்கள் ஊர்ப் பக்கத்தையே சொல்கிறேன். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், திருச்சி நகரின் ஊடே வந்து, திருவெறும்பூரைக் கடந்து வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது அது. அதன் கடைசி வயலில் நிற்கும் உழவனுக்கு, ஆற்றில் நீர் இறங்கினால் முதலில் அறிவிப்பது அவன் வயலே.

பழங்காலத்தில் இக்காவலை ஊரார் எவ்வாறு பகிர்ந்துகொண்டனர் என்பதும் அறியத்தக்கது. ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் சில்லறைப் பழுதுகளைக் குடிகளே செய்யும் குடிமராமத்து என்னும் முறை இருந்தது. கோடையில் தூர் எடுப்பது, கரைக்கு மண் இடுவது, மதகைச் சீர்செய்வது ஆகியவை அதில் அடங்கும். கும்பினி ஆட்சியின் இறுதியில், 1858-ஆம் ஆண்டின் முதற்சட்டம் கரை உடைப்பு போன்ற அவசர வேலைகளுக்கு ஊராரை வரவழைக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் அளித்தது. தாமே விரும்பிச் செய்த கடமை சட்டத்தின் கட்டாயமாக மாறியபோது, அதில் இருந்த உரிமை உணர்ச்சி குன்றியது என்றே வரலாற்று மாணவன் கருத வேண்டியிருக்கிறது. பெரிய அணைகள் முழுவதும் அரசின் பொறுப்பாயின. அது தவிர்க்க முடியாதது. அணையைக் கட்ட அறிவும் பொருளும் வேண்டும். ஆனால் அணையைப் பார்க்கும் கண்ணையும் நாம் அரசிடமே ஒப்படைத்துவிட்டோம். அது தவிர்க்கக் கூடியது.

இனி என்ன செய்யலாம்? முதுமை பெற்ற ஆசிரியன் என்ற முறையில் மூன்று செயல்களைச் சொல்கிறேன். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

முதலாவது, அளவு. மேட்டூர் அணையில் எத்தனை அடி நீர் இருக்கிறது என்பதை நாள்தோறும் வானொலியிலும் செய்தித்தாளிலும் அறிகிறோம். அதுபோலவே, முக்கொம்பிலும் கல்லணையிலும் கீழணையிலும் அணைக்குக் கீழ்ப்புறம் ஆற்றுப் படுகையின் மட்டம் எவ்வளவு என்பதை ஆண்டுக்கு ஒரு முறையேனும் அளந்து மக்களுக்கு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். சென்ற ஆண்டைவிடப் படுகை தாழ்ந்திருந்தால், கல் சரிவதற்கு முன்னரே எண் நமக்குச் சொல்லிவிடும்.

இரண்டாவது, காலம். மேட்டூரில் பாசனத்திற்கு நீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன் உள்ள கோடையே அணைகளின் மருத்துவப் பருவம். படுகை வறண்டிருக்கும், தளத்தின் விரிசலும், தூணின் அரிப்பும், பெயர்ந்த பாதுகாப்புக் கற்களும் கண்ணுக்குத் தெரியும். கதவுகளை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். அந்த ஆய்வின் குறிப்பு அலுவலகக் கட்டுக்குள் உறங்காமல், அணைக்கட்டிலேயே ஒரு பலகையில் எழுதப்பட வேண்டும். என்ன பழுது கண்டோம், எப்போது திருத்துவோம் என்ற இரண்டு வரிகள் போதும். வெள்ளம் தணிந்த பிறகும் அதே ஆய்வு வேண்டும். 2018-இல் நேர்ந்தது வெள்ளம் தணிந்தபின் என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது, கல்வி. கல்லணைக்கும் முக்கொம்புக்கும் ஆண்டுதோறும் எண்ணற்ற பள்ளிகள் சுற்றுலா வருகின்றன. கரிகாலன் சிலையையும் பூங்காவையும் பார்த்து, உண்டு, திரும்புகின்றன. மாணவர்களை ஒரு நாழிகை மதகின் அருகே நிறுத்தி, கதவு எவ்வாறு இயங்குகிறது, மணல் எவ்வாறு நகர்கிறது, கீழ்ப்புறம் ஏன் கல் பாவியிருக்கிறது என்று அங்குள்ள அலுவலரைக் கொண்டே விளக்கச் செய்யலாம். மதகுக் காவலரின் பெயரையும் அவர்கள் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். அவ்வாறு கற்ற சிறுவர் நாளை உழவராகவோ, இஞ்சினியராகவோ, ஆட்சியாளராகவோ ஆகும்போது, அணையின் கீழ்ப்புறம் கலங்கி எழும் ஊற்றைக் கண்டும் காணாமற் செல்லமாட்டார்கள்.

முக்கொம்பில் எழுந்துள்ள புதிய கதவணை இக்கால அறிவின் துணைகொண்டு கட்டப்பட்டது. அது நெடுங்காலம் நிற்க வேண்டும் என்பதே நம் விருப்பம். ஆயினும் அது நின்றுகொண்டிருப்பதும் அதே கொள்ளிடத்து மணலில்தான். கட்டி முடித்த நாளிலேயே அதன் முதற் பழுதை எதிர்பார்த்து, அதற்குரிய பொருளையும் ஆளையும் ஒதுக்கி வைப்பதுதான் அறிவுடைமை. கல்லணை நமக்கு விட்டுச் சென்ற செல்வம் கல் மட்டும் அன்று. ஒரு தலைமுறை விட்ட இடத்திலிருந்து அடுத்த தலைமுறை எடுத்துச் செய்த பராமரிப்பும் ஆகும். அந்தத் தொடர் நம் காலத்தில் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வோமாக. வரும் கோடையில் ஆறு வறளும்போது, அவரவர் ஊரின் மதகடிக்கு ஒரு நாள் சென்று, அடித்தளத்தைக் குனிந்து பாருங்கள். கண்டதை உரியவர்களிடம் எழுதித் தாருங்கள்.